எண்ணெய் குடிக்கும் எஞ்சின்

1957 வரை பிரித்தானியக் கடற்படை தங்கியிருந்த நம் திருகோணமலைக்கு ஆங்கிலேயரின் கார்கள் புதியன அல்ல. 1955 முதல் 1962 வரை உற்பத்தியான எம்.ஜி.ஏ. போன்ற பழைய ஸ்போர்ட்ஸ் கார் எண்ணெய் குடிக்கத் தொடங்கினால், 'சிலிண்டரைக் கடைந்துவிடலாம்' என்பார்கள். பெருஞ்செலவு அது, சற்றுப் பொறுங்கள்.

முதலில் இரவில் காரின் அடியில் பழைய செய்தித்தாளை விரித்து வையுங்கள். இவ்வகை எஞ்சினின் பின்முனையில் எண்ணெயைத் தடுப்பது சுருள் பள்ளம் ஒன்றே; ஆதலின் சில துளிகள் சொட்டுவது இயல்பு.

கசிவு சிறிதெனில், புகையை நோக்குங்கள். உவர்மலை இறக்கத்தில் மிதியிலிருந்து காலை எடுத்தால், சிலிண்டருக்குள் உறிஞ்சும் விசை மிகும். அடிவாரத்தில் மீண்டும் மிதிக்கையில் நீலப்புகை குபுக்கென்று எழுந்தால், வால்வுத் தண்டு ஓடும் குழல் தேய்ந்திருக்கக் கூடும். ஏற்றத்தில் இழுக்கும்போதெல்லாம் புகைந்தால், பிஸ்டன் வளையங்களையே ஐயுற வேண்டும்.

பின்னர் சூடான எஞ்சினின் அமுக்கத்தைக் கருவியால் அளந்து, பிளக் துவாரத்தில் ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டு மறுபடியும் அளந்து பாருங்கள். அமுக்கம் நன்கு உயர்ந்தால், தேய்ந்தவை வளையங்களோ சிலிண்டரோ ஆகும். முதலிலேயே அமுக்கம் செம்மையாயிருந்து, புகையும் இறக்கத்திற்குப் பின் மட்டுமே வருமாயின், பெரும்பாலும் சிலிண்டர் தலையைக் கழற்றிச் சீர்செய்தாலே போதும்.