சொல்லில்லாப் பாட்டும் ஒப்பாரியும்

மேனாட்டு றொக் இசையை விரும்பிக் கேட்போரிடம், உள்ளத்தில் நிலைத்து நிற்கும் வாய்ப்பாட்டு எது என்று வினவினால் மறுமொழி பலவாகும். ஒருவர் லெட் செப்பலின் குழுவின் றொபேட் பிளாண்டைச் சொல்வார். மற்றொருவர், சன்சிபாரிலே பிறந்து, இந்தியாவின் பஞ்ச்கனியிலே பள்ளிக் கல்வி பெற்று, குயீன் குழுவின் பாடகராய்ப் புகழெய்திய பிறெடி மேர்க்குரியைச் சொல்வார். டீப் பேர்ப்பிள் குழுவினர் 1970இல் வெளியிட்ட ‘சைல்ட் இன் டைம்’ என்னும் பாட்டிலே, இயன் கில்லன் சொல்லைக் கைவிட்டுக் குரலை மட்டும் படிப்படியாக உயர்த்திச் செல்லும் இடத்தை வேறு சிலர் எடுத்துக் காட்டுவர். இவர்கள் அனைவரும் ஒருங்கே போற்றும் பாட்டு வேறொன்று உண்டு. அதிலே பாடகி பாடும் சொல் ஒன்றேனும் இல்லை.

அதனைப் பாடியவர் கிளேர் டொறி என்னும் ஆங்கிலப் பெண்மணி. 1973 ஜனவரி 21ஆந் திகதி, ஞாயிற்றுக்கிழமை. லண்டன் மாநகரின் அபி றோட் ஒலிப்பதிவுக்கூடத்திலே பிங்க் புளொய்ட் குழுவினர் ‘த டார்க் சைட் ஒவ் த மூன்’ என்ற இசைத்தட்டை உருவாக்கிக்கொண்டிருந்தனர். அதிலே மரணத்தைப் பொருளாகக் கொண்ட பகுதி ஒன்று. பியானோவுக்குரிய இசையைக் குழுவைச் சேர்ந்த றிச்சட் றைட் அமைத்துவிட்டார். அதன் மேலே என்ன வருவது என்பது மட்டும் எவருக்கும் புலப்படவில்லை. ஒலிப்பதிவுப் பொறியாளராக இருந்த அலன் பார்சன்ஸ் இப்பெண்மணியின் பெயரைச் சொன்னார். அப்போது அவருக்கு வயது 25. வந்தவருக்குப் பாடல் வரி கொடுக்கப்படவில்லை, மெட்டும் கொடுக்கப்படவில்லை. சொல் வேண்டாம் என்று மட்டும் கூறினர். தம் குரலையே ஒரு வாத்தியமாகப் பாவித்துக்கொண்டு அவர் பாடினார். சிலமுறை பாடி முடித்து, கூலியாக 30 பவுண் பெற்றுக்கொண்டு, இது பயன்படப் போவதில்லை என்ற எண்ணத்துடன் வீடு திரும்பினார். இசைத்தட்டு வெளிவந்த பின்பு, கடையொன்றிலே அதன் உறையில் தம் பெயர் அச்சாகியிருக்கக் கண்டபோதுதான் அவருக்கு உண்மை தெரிந்தது.

இக்கதையைப் பதுளைக்கும் பசறைக்கும் இடைப்பட்ட தேயிலைத் தோட்டமொன்றிலே வாழும் மூதாட்டி ஒருத்தியிடம் சொன்னால் அவள் பெரிதும் வியப்படைய மாட்டாள். மரணத்தை முன்னிட்டு, முன்னேற்பாடு ஏதுமின்றி, கேட்போர் நெஞ்சு உருகுமாறு பாடுவது அவள் அறிந்த கலை. அதற்கு ஒப்பாரி என்று பெயர்.

தோட்டத்து லயத்திலே இழவு விழுந்தால், ஒரே கூரையின் கீழ் அடுத்தடுத்துள்ள அறைகளில் வாழ்வோர் அனைவர்க்கும் செய்தி சொல்லி அனுப்ப வேண்டுவதில்லை. முதற்குரலே செய்தி. வெளியே தப்பு முழங்கும். உள்ளே பெண்கள் தோளோடு தோள் சேர்த்து வட்டமாக அமர்வர். ஒருத்தி எடுத்துக் கொடுப்பாள். மற்றையோர் சேர்ந்து இழுப்பர். இறந்தவரைப் புகழும் உவமைகளும், முறைப்பெயர் சொல்லி விளிக்கும் விளிகளும் வழிவழியாக வந்த சட்டகம். அந்தச் சட்டகத்தினுள்ளே இறந்தவரின் வாழ்வை அந்த நொடியிலேயே கட்டி நிறுத்துவதுதான் பாடுபவளின் திறமை. அவர் கொழுந்து பறித்த மலை, பெரட்டுக்களத்திலே பட்ட ஏச்சு, கடன் வாங்கிக் கட்டிக்கொடுத்த மகள், கரை சேராத மகன் எல்லாம் வரும். உயிருடன் இருந்தபோது எவரும் சொல்லத் துணியாத குறையும் வரும். தோட்டத்து நிருவாகத்தையும் பொல்லாத மருமகனையும் ஒருங்கே சாடுவதற்கு அப்பெண்களுக்கு வாய்த்த ஒரே மேடை இதுவே என்றாலும் மிகையாகாது.

ஒப்பாரியிலே சொல் உண்டே, சொல்லில்லாப் பாட்டோடு அதனை ஒப்பிடலாமோ என்று நேயர்கள் ஐயுறலாம். அடியின் தொடக்கத்திலே சொல் உண்டு என்பது மெய். உச்சத்திலே எடுக்கப்படும் அடி இறங்கி வர வரச் சொல் தேய்ந்து, இறுதியில் நெடிய உயிரொலியும் விம்மலுமே எஞ்சும். அயல் மொழியினர்க்கும் பொருள் விளங்குவது அவ்விடத்தில்தான். குரல் உடைவதும் அங்கேதான். உடைந்த குரலைக் குற்றம் என்று கொள்வது சபைக் கச்சேரியின் கணக்கு. இழவு வீட்டிலே கணக்கு வேறு. றொக் இசையிலும் இதற்குச் சான்று உண்டு. 1969இல் றோலிங் ஸ்ரோன்ஸ் குழுவினரின் ‘கிம்மி ஷெல்டர்’ பாட்டிலே மெரி கிளேற்றன் என்னும் கறுப்பினப் பாடகியின் குரல் உச்சத்திலே கிழிந்து போகிறது. அதனை அழித்து மீண்டும் பதிய எவரும் விரும்பவில்லை, அவ்வாறே தட்டிலேறிற்று.

கிளேர் டொறியின் பாட்டைப் புகழ்வோர் பெரும்பாலும் அதன் உரத்த முற்பகுதியையே புகழ்வர். உண்மையில் தணிந்து ஒலிக்கும் பிற்பகுதியே அதனினும் உயர்ந்தது. பாடை லயத்து வாசலைக் கடந்து, ஆண்கள் சுடுகாட்டை நோக்கிச் சென்ற பின்னர், வீட்டிலே தங்கிவிட்ட பெண்களின் குரலைக் கேட்டவர் இதனை ஒப்புக்கொள்வர். அப்போது கூவல் இராது. முணுமுணுப்பாய், தனக்குத் தானே சொல்லிக்கொள்வதாய் அது நீளும்.

ஊவா மலைகளில் ஒப்பாரி இறந்தோர்க்கு மட்டும் உரியதாக நின்றுவிடவில்லை. 1948இன் பிரசாவுரிமைச் சட்டத்தினால் நாடற்றோராக்கப்பட்ட மக்களைப் பங்கிட்டுக்கொள்ள, 1964 ஒக்டோபரில் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும் 3,00,000 பேருக்கு இலங்கை பிரசாவுரிமை வழங்குவதென்றும் அதிலே முடிவாயிற்று. அதன்பின் தலைமன்னாருக்குச் செல்லும் கோச்சியை நோக்கி மூட்டைமுடிச்சுகளுடன் குடும்பங்கள் இறங்கி வந்தன. தாய் போக, மகள் தங்கினாள். அண்ணன் போக, தம்பி தங்கினான். மலைநாட்டுப் புகையிரத மேடைகளிலே உயிரோடு இருப்பவர்க்கு இழவுப் பாட்டு எழுந்தது. மீண்டும் காண்போம் என்ற உறுதி இல்லாத பிரிவுக்கு வேறு பாட்டு அவர்களிடம் இருக்கவில்லை.

2014 ஒக்டோபர் 29ஆந் திகதி பதுளை மாவட்டத்தின் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்திலே மலை சரிந்து லயங்களை மூடிற்று. சிலருடைய உடல்கள் கிடைக்கவேயில்லை. உடலைச் சுற்றி அமர்ந்து பாடுவதற்கென அமைந்த பாட்டை, உடல் இல்லாதவிடத்து எங்கிருந்து தொடங்குவது?

இனி, உரிமை பற்றிய செய்தி. கிளேர் டொறியின் பெயர் பாடியவர் என்ற அளவில் உறையில் இருந்ததே அன்றி, ஆக்கியோர் என்ற இடத்திலே றைட் ஒருவரின் பெயரே இருந்தது. மெட்டை அந்த நேரத்திலே படைத்தவள் தான் என்று கூறி, 2004இல் அவர் குழுவினர் மீதும் இ.எம்.ஐ. நிறுவனத்தின் மீதும் வழக்குத் தொடர்ந்தார். 2005இல் நீதிமன்றுக்கு வெளியே இணக்கம் ஏற்பட்டது. அதற்குப் பிந்திய பதிப்புகளிலே குரலிசை ஆக்கம் கிளேர் டொறி என்று அச்சாகிறது. ஒரு வரியைப் பெற 32 ஆண்டுகள்.

மலைநாட்டுப் பாடல்களைத் தேடித் தொகுத்து அச்சேற்றிய சி. வி. வேலுப்பிள்ளை போன்றோரின் தொண்டு பெரிது. அவர்கள் எழுதிவைத்திராவிடின் பல பாடல்கள் பாடியவரோடு மண்ணாகியிருக்கும். ஆயினும் நாட்டார் பாடல் தொகுப்புகளின் பொது வழக்கம், பாட்டை ‘மக்கள் பாடல்’ என்று கூறி அமைவதே. சட்டகம் மக்களுடையது என்பது மெய்தான். ஓர் இரவிலே, ஓர் உடலின் முன்னே, அந்தச் சட்டகத்தை நிரப்பியவள் ஒருத்தி. அவள் இன்ன தோட்டத்தினள், இன்ன உறவுக்காகப் பாடினாள் என்பது பெரும்பாலும் ஏட்டில் ஏறுவதில்லை.

இக்காலத்தில் பதுளைப் பகுதி மாணவர்கள் கையடக்கத் தொலைபேசியோடு பாட்டிமாரிடம் செல்கின்றனர். ஒப்பாரியைச் சும்மா பாடுவது ஆகாது, வீட்டுக்குத் தீங்கு வரும் என்று பலர் மறுப்பர். சிலர் மட்டும், வீட்டினுள் வேண்டாம், கொழுந்து மலைப் பக்கம் வா என்று அழைத்துச் சென்று, தேயிலைச் செடிகளுக்கிடையே நின்று பாடிக் காட்டுவர். பாடி முடித்ததும் முந்தானையால் முகம் துடைத்துக்கொண்டு, தம் பெயரையும் எழுதிக்கொண்டாயா என்று கேட்பவர்களும் உண்டு.