இதயத்தைப் படமெடுத்துப் பாருங்கள்



இதயநோய் என்றதும் இரத்தக்குழாய் அடைப்பையே நினைக்கிறோம். அடைப்பே இல்லாமல் இதயத் தசை தடித்துப்போகும் நோயும் உண்டு. பெரும்பாலும் பரம்பரையாக வருவது. ஓடியாடும் இளைஞரையும் திடீரென்று சாய்த்துவிடக்கூடியது.

இதயத் தசைப் புரதம் ஒன்றின் மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்ட குறை இந்தியத் துணைக்கண்டத்து மக்களில் ஏறத்தாழ 4 விழுக்காட்டினருக்கு உண்டு என்று, ஐதராபாத் உயிரணு, மூலக்கூறு உயிரியல் மைய அறிஞர்கள் உள்ளிட்ட குழுவினர் 2009இல் வெளியிட்டனர். ஜொகூர்த் தோட்டங்களுக்குக் கப்பலேறிய நம் முன்னோரின் மண் அதுவே. குறையுள்ளோர் எல்லாரும் நோயாளிகள் அல்லர். ஆகவே இதயத்தைப் பார்த்தே அறிய வேண்டும்.

எக்கோ எனும் ஒலியலைப் பரிசோதனை வலியற்றது. பெரியவர்களின் இதயச் சுவர் 15 மில்லிமீட்டருக்குக் குறையாமல் தடித்திருந்து, இரத்தக் கொதிப்பு போன்ற வேறு காரணமும் இல்லையெனில் இந்நோய் எனக் கொள்வர். எம்.ஆர்.ஐ. தசையிலுள்ள தழும்பையும் காட்டும்.

தைப்பூசக் காவடி அன்பர்களே, விரதத்திலும் வெயிலிலும் உடல்நீர் வற்றினால், இந்நோயுள்ளவரின் இதயத்திலிருந்து இரத்தம் வெளியேறுவது தடைபடலாம். குடும்பத்தில் இளவயதுத் திடீர் மரணம் நேர்ந்திருந்தாலோ, உழைக்கும்போது மயக்கம் வந்தாலோ, விரதம் தொடங்குமுன் மருத்துவரைப் பாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். வசதியற்றோரின் பரிசோதனைச் செலவை ஏற்பதும் அன்னதானத்திற்கு நிகரான அறம் என்பேன்.

முருகன் அருளால் அனைவரும் நலமுடன் வாழ்க!