சிவனொளிபாதமலைக்குச் செல்லும் வழிகள்

(இலங்கைத் திருத்தல யாத்திரைக்கு ஆயத்தமாகும் அடியார்களுக்காக ஆலய மண்டபத்தில் ஆற்றப்பெற்ற உரை)

 

இலங்கையின் மலையகத்தில், 2,243 மீட்டர் உயரத்தில், கூம்பிய தாமரை மொட்டுப் போலத் தனித்து நிமிர்ந்து நிற்பது சிவனொளிபாதமலை. நாற்புறமும் பள்ளத்தாக்குகளும் அடர்ந்த காடுகளும் தேயிலைத் தோட்டங்களும் சிற்றூர்களும் அதனைச் சூழ்ந்துள்ளன. களனி, களு, வளவை ஆகிய ஆறுகள் இம்மலையைச் சார்ந்த காட்டுப் பகுதியிலே பிறக்கின்றன. உச்சிப் பாறையில் பதிந்துள்ள திருவடிச் சுவட்டைச் சைவர் சிவபெருமானுடையது என்று போற்றுகின்றனர்; பௌத்தர் புத்தர்பெருமானுடையது என்று வணங்குகின்றனர்; இசுலாமியர் ஆதிபிதா ஆதமுடையது என்பர்; கிறித்தவருள் சிலர் புனித தோமையாருடையது என்பர். ஒரே சுவட்டின் முன் நான்கு சமயத்தாரும் தலைதாழ்த்தும் இடம் உலகில் அரிது.

யாத்திரை செல்ல விழைவோர் முதலில் எழுப்பும் வினா, "எந்த வழி எளிது?" என்பதே. இளைஞர் சிலரோ, "எளிய வழியில் ஏறினால் அது யாத்திரையாகுமா?" என்று எதிர்வினா எழுப்புவதுண்டு. இவ்விரு வினாக்களுக்கும் விடை காண, அம்மலையின் வழிகளையே முதலில் அறிந்துகொள்ளுதல் நலம்.

இந்நாளில் மிகுதியானோர் செல்லும் வழி ஹட்டன் வழி. ஹட்டனிலிருந்து மஸ்கெலியா கடந்து, மலையடிவாரத்திலுள்ள நல்லதண்ணி வரை பேருந்து செல்கிறது. அங்கிருந்து ஐயாயிரத்திற்கும் மேற்பட்ட படிகள். பத்துமலையின் 272 படிகளை ஏறிப் பழகிய கால்களுக்கு இது ஏறத்தாழ இருபது மடங்கு என்றால், அதன் அருமை விளங்கும். ஆயினும் தூரத்தில் குறைந்த வழி இதுவே.

இரண்டாவது, இரத்தினபுரி வழி. கிலிமலை, பலாபத்தல ஆகிய ஊர்களைக் கடந்து, தாழ்நிலத்திலிருந்து காட்டினூடே ஏறிச் செல்லும் பழைமையான நெடுவழி இது. மூன்றாவது, குருவிட்டவிலிருந்து எரத்ன வழியாகச் செல்வது. ஓடைகளும் அட்டைகளும் செங்குத்தான ஏற்றங்களும் நிறைந்த இவ்வழியைக் கடினமானது என்று அந்நாட்டாரே கூறுவர்.

இவ்வழிகள் யாவும் தாமாக உண்டானவை அல்ல. பதினொன்றாம் நூற்றாண்டில் பொலன்னறுவையிலிருந்து ஆண்ட முதலாம் விஜயபாகு மன்னன், யாத்திரிகர்களுக்கு அன்னமளிக்கக் கிலிமலை என்னும் ஊரையே அறக்கொடையாக வழங்கினான் என்று சூளவம்சம் கூறுகிறது. அவனுடைய அம்பகமுவக் கல்வெட்டும் இத்திருப்பணிகளுக்குச் சான்றாக நிற்கிறது. மலையேறுவோர் பசித்திருத்தல் ஆகாது என்று ஒரு மன்னன் கருதினான். அதற்கென ஓர் ஊர் முழுவதும் உழைத்தது. ஆலயத் திருவிழாக்களில் அன்னதானப் பந்தியில் நின்று பரிமாறும் தொண்டர்களுக்கு இச்செய்தியின் பொருளை விளக்க வேண்டுவதில்லை.

1344ஆம் ஆண்டில் இம்மலையை ஏறிய இபின் பதூதா என்னும் அரபு நாட்டுப் பயணி எழுதிய குறிப்பும் கருதத்தக்கது. அவரை வரவேற்ற யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்தி, பல்லக்கு ஒன்றையும், ஆண்டுதோறும் திருவடி தரிசனத்திற்குச் செல்லும் வழக்கமுடைய யோகியர் நால்வரையும், அந்தணர் மூவரையும், வேறு பதின்மரையும், உணவுப் பொருள்களைச் சுமக்கப் பதினைந்து பேரையும் உடன் அனுப்பினாராம். தமிழ் மன்னர் ஒருவர் இசுலாமியப் பெரியாருக்குச் சைவ யோகியரை வழித்துணையாக அனுப்பிய இந்நிகழ்ச்சி, அம்மலையின் இயல்பினை நன்கு உணர்த்துகிறது.

மலைக்கு இரண்டு வழிகள் இருந்தன என்றும், ஒன்று ஆதமின் பெயராலும் மற்றொன்று ஏவாளின் பெயராலும் வழங்கின என்றும் அவர் எழுதுகிறார். ஏவாளின் வழி எளியது. இறங்குவோர் அவ்வழியே வருவர். அவ்வழியே ஏறியவரை யாத்திரை செய்தவராகவே அந்நாளில் மக்கள் கருதவில்லையாம். ஆகவே இளைஞர்கள் எழுப்பும் வினா இன்று நேற்று எழுந்ததன்று. அறுநூறு ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பழைமையுடையது.

எனினும் அன்பர்களே, அக்கருத்தை ஆராய்ந்து ஏற்றல் வேண்டும். யோகியர் நால்வரும் கடும்வழி ஏறினர் என்பது உண்மை. அவர்களுக்கான அரிசியைச் சுமந்த பதினைந்து பேரும் அதே மலையைத்தானே ஏறினர்? அவர்களுடைய தோளில் சுமையும் இருந்தது. அவர்தம் பெயர்களை எவரும் எழுதி வைக்கவில்லை. கடுமையே பக்தியின் அளவுகோல் என்றால், அவர்களே முதல் அடியார்கள் அல்லரோ?

இன்றும் நல்லதண்ணி வழியில் நள்ளிரவில் ஏறுவோரைக் காண்பவர் இதனை உணர்வர். கைக்குழந்தையை மார்போடு அணைத்த தாய்மார், பேரனின் தோளைப் பற்றிய மூதாட்டியர், ஒவ்வொரு படியிலும் மூச்சு வாங்கி நின்று மீண்டும் ஏறும் முதியவர் எனப் பல்லாயிரவர் செல்கின்றனர். எழுபது வயதுடையவருக்கு எளிய வழி என்று ஒன்று அங்கே இல்லை. தம் உடலுக்கு ஏற்ற வழியைத் தேர்ந்தெடுத்தல் குறையாகாது. பிறர் வழியை இகழ்தலே குறையாகும்.

அவ்வழி நெடுகிலும் தமிழ் ஒலிப்பதையும் யாத்திரிகர் கேட்கலாம். நல்லதண்ணி என்னும் பெயரே தமிழ்ப் பெயர். அடிவாரத்துத் தேயிலைத் தோட்டங்களில் வாழ்வோர், தமிழகத்திலிருந்து சென்று காடு திருத்திய தொழிலாளர் வழிவந்தோர். மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களுக்கு வந்தோரும் அவர்களும் ஒரே மண்ணிலிருந்து புறப்பட்டு வெவ்வேறு கடல்வழி சென்றவர்களே. மவுசாக்கலை நீர்த்தேக்கம் அமைந்தபோது பழைய மஸ்கெலியா நகரம் நீரில் மூழ்கியது. நீர் வற்றும் காலங்களில் பழைய ஆலயத்தின் சிதைவுகள் இன்றும் வெளித்தோன்றுகின்றன. மலையுச்சியை மட்டும் நோக்கி விரைவோர், அடிவாரத்து மக்களிடம் இரண்டு சொல் பேசி நலம் விசாரித்துச் செல்வது யாத்திரையின் ஒரு பகுதியாகட்டும்.

இனிச் செல்வோர் கருத்தில் கொள்ள வேண்டியவை சில. டிசம்பர் மாதப் பௌர்ணமி முதல் மே மாத வெசாக் பௌர்ணமி வரையிலுமே யாத்திரைக் காலம். அப்போது வழியில் மின்விளக்குகள் எரியும். தேநீர்க் கடைகள் திறந்திருக்கும். பிற மாதங்களில் மழையும் மூடுபனியும் மிகும். அப்போது தனியே செல்லுதல் தகாது. உச்சியில் குளிர் கடுமையாதலால் கம்பளி ஆடை வேண்டும். இதய நோயுடையோர் மருத்துவரின் கருத்தைக் கேட்டே புறப்படுதல் வேண்டும்.

மற்றொன்று. இம்மலைக் காட்டினை உள்ளடக்கிய மத்திய மலைநாடு 2010ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. யாத்திரிகர் எறியும் பிளாஸ்டிக் போத்தல்களும் பைகளும் அக்காட்டிற்குப் பெருந்தீங்கு விளைக்கின்றன. ஆறுகள் பிறக்கும் இடத்தில் குப்பையை எறிந்துவிட்டு உச்சியில் கைகூப்புவதால் பயன் என்ன? கொண்டு சென்றதைத் திரும்பக் கொண்டுவருதலும் ஒரு விரதமே.

கதிரவன் எழும் வேளையில் அம்மலையின் நிழல் முக்கோண வடிவில் மேற்குப் பள்ளத்தாக்கின்மீது நீண்டு கிடக்கும். எவ்வழியே ஏறியவரும் ஒன்றாய் நின்று காணும் காட்சி அது. அங்கே வந்த வழியை எவரும் கேட்பதில்லை. முதன்முறை ஏறியவர் உச்சியிலுள்ள மணியை ஒருமுறை ஒலிப்பார். பலமுறை ஏறியவர் அத்தனை முறை ஒலிப்பார். ஒலிக்கும் மணியோ ஒன்றுதான்.

செல்லும் அடியார் அனைவரும் தளர்ந்தவருக்குத் தோள்கொடுத்து ஏறி, நலமுடன் இல்லம் திரும்ப எல்லாம்வல்ல இறைவன் திருவருள் துணைநிற்பதாக!

திருச்சிற்றம்பலம்.