ஹாவேர்த் கோவிற்பற்றும் அதன் கிணறுகளும்



தொண்ணூறுகளில் ஜாம் போத்தல் விளக்கைச் சுற்றியிருந்து ‘ஜேன் அயர்’ வாசித்தவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். ஹெலன் பேர்ன்ஸ் இறக்கும் இடத்தில் நாங்கள் எல்லோரும் அழுதோம். அந்தக் காலத்தில் பிள்ளைகள் ஏன் அப்படிச் செத்தார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. இங்கிலாந்தில் இருக்கும் வகுப்புத் தோழிகள் ஐந்துபேர் சேர்ந்து, அந்தக் கதையை எழுதிய சார்லொட் புறொன்ரேயின் ஊருக்குப் போய்வந்தோம். அந்த ஊரைப் பற்றிச் சொல்லத்தான் இந்தப் பத்து நிமிடத்தைக் கேட்டு வாங்கினோம்.

ஊர் ஹாவேர்த். யோர்க்ஷயரில், கீத்லி நகரத்துக்குக் கிட்ட உள்ளது. எங்கள் பழைய காணி உறுதிகளில் வரும் ‘கோவிற்பற்று’ என்ற சொல் அந்த அமைப்புக்கு நன்றாகவே பொருந்தும். பெரிய பிறட்போர்ட் கோவிற்பற்றின் ஒரு கிளையாக அது இருந்தது. செங்குத்தான மலைத்தெரு ஒன்று, இருபக்கமும் புகைபடிந்து கறுத்த மணற்கல் வீடுகள், உச்சியில் தேவாலயம், அதையடுத்துச் சவக்காலை, அதற்கு மேலே குருமனை. குருமனைக்குப் பின்னால் மரமில்லாத மேட்டுநிலம் கண்ணுக்கெட்டிய மட்டும் விரிகிறது. ஓகஸ்ட் மாதத்தில் ஹீதர் பூத்து நிலம் முழுக்க ஊதா நிறமாகும். ‘வதறிங் ஹைற்ஸ்’ வாசித்தவர்களுக்கு அந்தக் காற்றைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை.

இந்த அமைப்பை இன்னொருமுறை நினைத்துப்பாருங்கள். மேலே சவக்காலை, கீழே ஊர், ஊருக்குள் கிணறுகள்.

1820இல் பட்றிக் புறொன்ரே ஆறு பிள்ளைகளோடு குருவாக வந்தார். அடுத்த வருடம் மனைவி இறந்தார். 1825இல் மூத்த பெண்கள் இருவரும் விடுதிப் பள்ளியில் நோயுற்று, வீட்டுக்கு வந்து இறந்தார்கள். 1848 செப்டெம்பரில் மகன் பிறான்வெல், டிசெம்பரில் எமிலி, 1849 மே மாதத்தில் ஆன். அந்த ஓகஸ்டிலே, எழுபது வயது கடந்த அந்தத் தகப்பன் ஊரவர்களிடம் கையெழுத்து வாங்கி, ஊருக்கு நல்ல தண்ணீர் வேண்டும் என்று இலண்டனில் இருந்த பொதுச் சுகாதார சபைக்கு மனு அனுப்பினார். அவரைப் பிள்ளைகளின் வாழ்க்கைக் கதைகளில் ஓரத்தில் நிற்கும் கடுகடுத்த கிழவராகவே அறிந்திருந்தோம்.

பென்ஜமின் பாபேஜ் என்ற பரிசோதகர் வந்து பார்த்து 1850இல் அறிக்கை எழுதினார். மருத்துவம் படித்த எங்களுக்கு அது எந்த நாவலையும்விடக் கனமானது. இறந்தவர்களின் சராசரி வயது 25.8. பிறந்த பிள்ளைகளில் 41.6 சதவீதம் ஆறு வயதுக்கு முன் இறந்தார்கள். சில இடங்களில் 24 வீட்டாருக்கு ஒரே மலசலகூடம். நிலக்கீழ்க் கழிவுக் கால்வாய் இல்லை. திறந்த கானில் எல்லாம் தெருவழியே ஓடியது. பத்து வருடத்தில் 1,344 பேரை அந்தச் சிறிய சவக்காலையில் புதைத்திருந்தார்கள். அதன் மேலே தட்டையான கற்பலகைகளைப் பரவியிருந்ததால் புல்கூட முளைக்க இடமில்லை. கோடையில் கிணறு வற்றும்போது, திங்கட்கிழமை உடுப்புத் தோய்க்க அதிகாலை இரண்டு மூன்று மணிக்கே பெண்கள் வாளியோடு காத்து நின்றார்கள். மாடுகூடக் குடிக்க மறுத்த தண்ணீர் அது.

எமிலியையும் ஆனையும் கொண்டுபோனது சயரோகம். அது தண்ணீரால் வருவதில்லை. அதைச் சொல்லாமல்விட்டால் எங்கள் பேராசிரியர்கள் எங்களை மன்னிக்கமாட்டார்கள். ஆனால் ஊர்ப்பிள்ளைகள் வயிற்றோட்டத்திலும் காய்ச்சலிலும் மெலிந்துகொண்டிருந்தார்கள். அதைவிட, கம்பளிமயிர் வாருபவர்கள் சன்னலைச் சாத்தி, அடுப்பு எரியும் அறைக்குள்ளேயே வேலைசெய்து, அங்கேயே படுத்தார்கள். கிணற்றுக்கும் மலக்குழிக்கும் இடையே எத்தனை அடி என்று சுண்ணக்கல் நிலத்தில் வளர்ந்த எங்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

அறிக்கை வந்தவுடன் தண்ணீர் வரவில்லை. வரி கூடும் என்று வசதியுள்ள காணிக்காரர் எதிர்த்தார்கள். பட்றிக் திரும்பத்திரும்பக் கடிதம் எழுதினார்; காரியம் வருடக்கணக்கில் இழுபட்டது. இதற்கிடையில் 1855இல் சார்லொட்டும் கர்ப்பிணியாக இறந்தார். இறப்புப் பத்திரத்தில் சயரோகம் என்று இருக்கிறது. கடுமையான கர்ப்பகால வாந்தி என்றே இன்றைய மருத்துவர்கள் பலர் கருதுகிறார்கள். ஆறு பிள்ளைகளையும் பறிகொடுத்த தகப்பன் 84 வயதுவரை, 1861 மட்டும் இருந்தார்.

சவக்காலையில் இப்போது நிற்கும் பெரிய மரங்கள் 1860களில் நடப்பட்டவை. நிலத்துக்குக் கீழே இருப்பவை உக்குவதற்காக நட்டார்களாம். புறொன்ரேக்கள் வாழ்ந்த காலத்தில் அந்த நிழல் இல்லை. நாங்கள் போன அன்று அந்த நிழலிலே ஒரு தோழி கல்வெட்டுகளைக் குனிந்து வாசித்தாள். ஒரே கல்லில் ஒரு குடும்பத்துப் பிள்ளைகளின் பெயர்கள் வரிசையாக: மாதங்கள், வருடங்கள், மாதங்கள். அவள் எண்ணுவதை இடையில் நிறுத்திவிட்டாள். பிறகு கடைத்தெருவில் தேநீர் குடித்தோம். தண்ணீர் நல்ல சுவை.

வருகிற ஓகஸ்டிலும் போகலாம் என்றிருக்கிறோம். வர விரும்புபவர்கள் பெயரைத் தாருங்கள். சேலையும் குதிச்செருப்பும் வேண்டாம். மழைக்கோட்டும் நல்ல சப்பாத்தும் கொண்டுவாருங்கள், அந்த ஏற்றம் சும்மா ஏற்றமில்லை.