கடல் கடந்த கல்வியும் ஊர் மண்ணும்

அறிமுகவுரையில் என்னைப் பற்றிச் சொல்லப்பட்ட புகழ்ச்சியில் பாதியை நண்பரின் அன்புக்கும் மீதியை என் வயதுக்கும் உரியதாக வைத்துக்கொண்டு, நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

பட்டம் பெற இந்த மண்டபத்தில் அமர்ந்திருக்கும் மாணவ மாணவியரில் கணிசமானவர்கள் மேற்படிப்புக்காக வெளிநாடு செல்லும் எண்ணத்தில் இருக்கிறீர்கள் என்றும், சிலர் பாஸ்போர்ட் எடுத்து, ஆங்கிலத் தேர்வும் எழுதி முடித்துவிட்டீர்கள் என்றும் அறிந்தேன். இது உங்கள் தலைமுறையின் பெரும் இயக்கம். 2024-ஆம் ஆண்டில் அந்நிய நாடுகளில் பயின்றுவந்த இந்திய மாணவர்களின் தொகை 13 லட்சத்துக்கு மேல். 2023-24 கல்வியாண்டில் அமெரிக்காவில் மட்டும் 3,31,602 பேர் படித்தார்கள் என்றும், பதினைந்து ஆண்டுகளில் முதல் தடவையாகச் சீன மாணவர்களை நம்மவர்கள் எண்ணிக்கையில் விஞ்சினார்கள் என்றும் கணக்கு சொல்கிறது. அதே 2024-இன் தொடக்கத்தில் கனடா தன் மாணவர் அனுமதிகளுக்கு உச்சவரம்பு விதித்து, முந்திய ஆண்டைவிட 35 சதவீதம் குறைப்பதாக அறிவித்தபோது, நம் ஊர்களில் எத்தனையோ வீடுகளில் போட்டு வைத்திருந்த திட்டங்கள் ஒரே இரவில் கலைந்தன. எத்தனை பேர் போனார்கள், எத்தனை பேருக்குக் கதவு அடைபட்டது என்பதை இந்த எண்கள் சொல்லும். போகிறவன் எதைக் கொண்டுபோகிறான், திரும்பும்போது எதைக் கொண்டுவருகிறான் என்பதைப் பற்றி அவை வாய் திறப்பதில்லை. என் ஆயுளில் பெரும்பகுதி அந்த இரண்டாவது விஷயத்தைப் பற்றி யோசிப்பதிலேயே கழிந்திருக்கிறது.

நான் இந்த ஊர்ப் பையன். தகப்பனார் விருத்தாசலம் ஜங்ஷனில் ரயில்வே உத்தியோகத்தில் இருந்தார். நான் அண்ணாமலைநகரில் வேதியியல் படித்த காலத்தில், மீட்டர்கேஜ் பாசஞ்சர் வண்டி கடலூர் வழியாக எங்களைச் சுமந்துகொண்டு சிதம்பரம் சேர்வதற்குள், அன்றைய பாடம் முழுவதையும் ஒரு முறை படித்துவிட்டு, சக பிரயாணிகளின் குடும்ப வழக்குகளையும் கேட்டு முடித்துவிடலாம். கல்வி வகுப்பறையில் மாத்திரம் கிடைப்பதன்று என்ற ஞானத்தை எனக்கு முதலில் அளித்த ஸ்தாபனம் அந்த ரயில்வண்டிதான். வழியில் நெய்வேலிப் பக்கம் மலைபோல் குவிந்து கிடந்த சுரங்க மண்ணைத் தினமும் பார்த்தேன். பார்த்தேனே தவிர, அது என்ன என்று கேட்கவேண்டும் என்ற எண்ணம் எங்கள் பெட்டியில் இருந்த ஒருவருக்கும் எழவில்லை.

பிறகு 1970-களின் தொடக்கத்தில், உதவித்தொகை ஒன்றின் தயவால், இங்கிலாந்தில் ஸ்டாஃபோர்ட்ஷயரிலுள்ள ஸ்டோக்-ஆன்-ட்ரென்ட் நகரத்துக்குப் பீங்கான் தொழில்நுட்பம் பயிலச் சென்றேன். புட்டி வடிவில் ஓங்கி நின்ற பழைய செங்கல் சூளைகள், 1956-ஆம் ஆண்டின் தூயகாற்றுச் சட்டத்துக்குப் பிறகு புகையற்று, வேலையற்று நின்ற காலம் அது. அங்கே எனக்கு ஏற்பட்ட முதல் ஆச்சரியம், உலகப் பிரசித்தி பெற்ற அந்த ஊரில் பீங்கானுக்கு வேண்டிய வெள்ளைக் களிமண் கிடையாது என்பதே. நிலக்கரி இருந்தது, செம்மண் இருந்தது; வெள்ளை மண் தெற்கே கார்ன்வாலிலிருந்து கடல் மார்க்கமாக வந்தது. அதை எளிதாகக் கொண்டுவர ஜோசையா வெட்ஜ்வுட் என்ற குயவர் முன்னின்று பாடுபட்டு வெட்டுவித்த கால்வாய் 1777-இல் நிறைவேறியது. இரண்டாவது ஆச்சரியம், சைவ உணவுக் குடும்பத்தில் பிறந்த எனக்கு அதிர்ச்சியாகவே இருந்தது: அவர்களுடைய ‘போன் சைனா’வில் ஏறக்குறையப் பாதி மாட்டெலும்புச் சாம்பல். தங்களிடம் இல்லாததைத் தருவித்து, இருப்பதை எதனோடு கலந்தால் எது விளையும் என்று சலியாது சோதித்து, அதனால் ஒரு நகரத்தையே வாழவைத்த அந்த மனோபாவத்தைக் கண்டபோது, வண்டியின் ஜன்னலில் நான் பார்த்துவந்த நெய்வேலி மண்மேடு என் மனக்கண்முன் வந்து நின்றது.

எங்கள் ஆசிரியர் ஒருவருக்கு ஒரு வழக்கம் இருந்தது. வெளிநாட்டிலிருந்து வரும் மாணவன் ஒவ்வொருவனையும், அவனவன் ஊர் மண்ணைத் தருவித்துச் சோதித்த பிறகுதான் வேறு மண்ணைத் தொட அனுமதிப்பார். நான் தகப்பனாருக்குக் கடிதம் எழுதினேன். மகன் சீமையில் படிக்கிறான் என்று ஊரெல்லாம் பெருமை பேசிக்கொண்டிருந்த மனிதருக்கு, அந்த மகன் மண் அனுப்பச் சொல்லி எழுதியதை எப்படி அர்த்தப்படுத்துவது என்று விளங்கவில்லை. ஆயினும் நெய்வேலியில் வேலை பார்த்த தமது நண்பர் மூலம், பழுப்பு நிலக்கரியை எடுப்பதற்கு முன் மேலிருந்து அகற்றப்படும் வெள்ளைக் களிமண்ணை வாங்கி, ஹார்லிக்ஸ் டப்பாவில் அடைத்து, துணி சுற்றித் தைத்து, அரக்கு வைத்துக் கடல் தபாலில் அனுப்பினார். என்ன பொருள் என்று கேட்ட தபால் நிலையத்தாரிடம் மண் என்று சொல்ல வெட்கப்பட்டு, மருந்து என்று சொல்லிவிட்டதாகப் பின்னர் எழுதினார்.

அந்த டப்பா வந்து சேர்ந்த பிறகுதான் என் படிப்பு தொடங்கியது என்று சொல்வேன். அந்த மண்ணைக் கரைத்து, சலித்து, வடிகட்டி, வில்லைகளாக அழுத்தி, காயும்போது எவ்வளவு சுருங்குகிறது, சூளையில் வேகும்போது எவ்வளவு சுருங்குகிறது, எந்த வெப்பத்தில் இறுகுகிறது, வெந்தபின் வெண்மை எவ்வளவு நிற்கிறது, எந்த அளவு இரும்பு அதை மஞ்சளாக்குகிறது என்று குறித்துக்கொண்டே போனேன். சூளையின் உட்புற வெப்பத்தை அறிய அங்கே ‘புல்லர்ஸ் வளையம்’ என்றொன்றைப் பயன்படுத்துவார்கள். நடுவில் துளையுள்ள, உள்ளங்கையில் அடங்கும் பீங்கான் வில்லை அது. சூளை எரிந்துகொண்டிருக்கும்போதே, சுவரிலுள்ள சிறு துவாரத்தின் வழியாக நீண்ட கம்பியை விட்டு ஒரு வளையத்தை வெளியே இழுத்து, ஆறவைத்து, பித்தளை அளவுகோலில் பொருத்தினால், அது எவ்வளவு சுருங்கியிருக்கிறது என்பதை முள் காட்டும். சுருக்கத்தைக் கொண்டு, உள்ளே இருக்கும் பாத்திரங்கள் எவ்வளவு வெந்திருக்கின்றன என்று கணிப்பார்கள். செக்கச்சிவந்த அந்த வளையம் கம்பியின் நுனியில் ஆடிக்கொண்டு வெளியே வருவதை முதல் தடவை கண்ட அன்று, இந்த வித்தையை நம் ஊர்ச் சூளைகளுக்குக் கொண்டுசேர்க்க வேண்டும் என்று தீர்மானித்தேன். அதன்பின் குளிரும் தனிமையும் எனக்கு இருக்கத்தான் இருந்தன. ஆனால் காலையில் எழுந்திருக்க ஒரு காரணமும் இருந்தது.

இதை என் சொந்தப் பெருமையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். என்னிலும் மிகப் பெரியவர்களிடம் இதே உண்மை பிரத்தியட்சமாகத் தெரிகிறது. 1906-இல் ஜப்பானில் பீங்கான் தொழில் கற்றுத் திரும்பிய சத்தியசுந்தர தேவ் என்ற வங்காள இளைஞர், காசிம்பஜார் மகாராஜாவின் ஆதரவில் நடந்த கல்கத்தா பாட்டரி ஒர்க்ஸில் சேர்ந்து, ராஜ்மகால் மலைப்பக்கத்து வெள்ளை மண்ணைக் கொண்டு சுதேசிக் கோப்பைகளையும் பொம்மைகளையும் செய்தார். தஞ்சாவூரில் பிறந்த ஜே. சி. குமரப்பா, லண்டனில் கணக்காய்வு பயின்று, பம்பாயில் கௌரவமாகத் தொழில் நடத்தியவர். பின்னர் அமெரிக்கா சென்று கொலம்பியாவில் படித்த காலத்தில், இந்தியாவின் வறுமையைப் பற்றி அவர் பேசிய பேச்சைக் கவனித்த பேராசிரியர் செலிக்மன், அதையே ஆராயும்படி திருப்பிவிட்டார். 1929-இல் அந்த ஆராய்ச்சியைக் கையில் வைத்துக்கொண்டு காந்தியடிகளைச் சந்தித்தவர், பிறகு கிராமக் கைத்தொழில்களுக்காகவே தம் வாழ்வை அர்ப்பணித்தார். கேம்பிரிட்ஜில் டாக்டர் பட்டம் பெற்றுவந்த ஜி. என். ராமச்சந்திரன், சென்னைப் பல்கலைக்கழகத்தில் பௌதிகப் பேராசிரியரானபோது, ஆராய்ச்சிக்கான பொருளைத் தேடி அவர் வெகுதூரம் போகவில்லை. அண்டையிலிருந்த மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையத்தில் கிடைத்த கொல்லாஜென் மாதிரிகளை எடுத்துக்கொண்டார். 1954-இல் அவரும் கோபிநாத் கர்த்தாவும் அதன் மும்முறுக்கு அமைப்பை வெளியிட்டபோது, உலகம் சென்னையைத் திரும்பிப் பார்த்தது. மூவரும் கற்ற கலைகள் வேறு. அந்நிய நாட்டில் பெற்ற அளவுகோலைத் தம் கைக்கெட்டிய பொருளின்மேல் வைத்துப் பார்த்தார்கள் என்பதில் மூவரும் ஒன்று.

இனி, போகப்போகிறவர்களுக்குச் சில லௌகிக வார்த்தைகள். கன்சல்டன்சிக்காரர் காட்டும் வழவழப்பான புத்தகத்தை நம்பிக் கல்லூரியைத் தீர்மானிக்காதீர்கள். அங்கே இப்போது படித்துக்கொண்டிருக்கும் ஒருவரைத் தேடிப் பிடித்துப் பேசுங்கள். வங்கிக் கடனுக்காக வீட்டுப் பத்திரத்தை அடகு வைக்கும் தகப்பனாரின் கையெழுத்தை மறக்காதீர்கள். வட்டி எவ்வளவு, படிப்பு முடிந்து எத்தனை மாதத்தில் தவணை தொடங்கும் என்பதை விமானம் ஏறுவதற்கு முன்பே காகிதத்தில் எழுதிவிடுங்கள். பகுதிநேர வேலை செய்து எல்லாச் செலவையும் சமாளித்துவிடலாம் என்று எவரேனும் சொன்னால், இங்கிலாந்தில் பட்டப்படிப்பு மாணவனுக்குக் கல்விப் பருவத்தில் வாரத்துக்கு 20 மணி நேரமே வேலை செய்ய அனுமதி என்பதை அவருக்கு நினைவூட்டுங்கள். தாழ்த்தப்பட்ட, பழங்குடிச் சமூகங்களின் பிள்ளைகளுக்கு மத்திய அரசும் மாநில அரசும் வெளிநாட்டுப் படிப்புக்கு உதவித்தொகை அளிக்கின்றன. கேட்க ஆளில்லாமல் அந்தச் சந்தர்ப்பம் நழுவக்கூடாது. சமைக்கக் கற்றுக்கொள்ளுங்கள். 1914-இல் கேம்பிரிட்ஜ் சென்ற கும்பகோணத்து ராமானுஜன், யுத்த காலத்துத் தட்டுப்பாட்டில், தாமே சமைத்த சைவ உணவை நேரம் தவறி உண்டு, நோயுற்று, 1919-இல் திரும்பி மறு ஆண்டே மறைந்தார் என்பதைக் கணித மேதையின் சரித்திரமாக மட்டும் படிக்காமல், ஓர் இளைஞனின் தேக ஆரோக்கியத்தைப் பற்றிய எச்சரிக்கையாகவும் படியுங்கள்.

திரும்பி வருவது, போவதைக் காட்டிலும் கடினம். நான் திரும்பியபோது ஒரு தொழிற்சாலையில், “உங்கள் சீமைப் படிப்புக்கு இங்கே வேலை இல்லை” என்று வாசலிலேயே அனுப்பிவிட்டார்கள். வேறொரு இடத்தில், இன்சுலேட்டர் செய்யும் சூளையில் இடம் கிடைத்தது. அங்கே சூளை எரிக்கும் பெரியவர் ஒருவர், பள்ளிக்கூடம் போகாதவர், துவாரத்தின் வழியே தீயின் நிறத்தை ஒரு கணம் பார்த்து, “இன்னும் ஒரு மணி நேரம் வேகட்டும், தம்பி” என்பார். நான் வளையத்தை இழுத்து அளந்தால், பெரும்பாலும் அவர் சொன்னதே சரியாக இருக்கும். அவர் கண்ணையும் என் முள்ளையும் ஒருங்கே வைத்துக்கொண்டு நாங்கள் வேலை செய்தோம். உடைசல் குறைந்தது, சரக்குக்கு நல்ல பெயர் கிடைத்தது. வெளிநாட்டில் படித்தவன் என்ற கர்வத்தோடு அவரை அணுகியிருந்தால் அவரும் பேசியிருக்கமாட்டார். எனக்கும் ஒன்றும் விளங்கியிருக்காது. ஆகவே திரும்பி வருகிறவர்கள் முதல் ஆறு மாதம் கேட்பதற்கே காதைப் பயன்படுத்துங்கள் என்று யோசனை சொல்வேன்.

திரும்பி வருகிறவனை ஊரும் சரியாக வரவேற்க வேண்டும் என்பதையும் பெற்றோர் முன்னிலையில் சொல்லியாக வேண்டும். கொலம்பியாவிலும் லண்டனிலும் பயின்று 1917-இல் பரோடா சமஸ்தானத்தில் உத்தியோகம் ஏற்க வந்த அம்பேத்கருக்கு, அந்த நகரத்தில் தங்குவதற்கு ஓர் அறை தருவார் இல்லை. அடைக்கலம் கிடைத்த பார்ஸி விடுதியிலிருந்தும் ஜாதியைக் காரணமாக்கி விரட்டினார்கள். படித்தவனை நாடு இழப்பதற்கு அந்நிய நாட்டுச் சம்பளம் ஒன்றே காரணம் என்று பேசுகிறவர்கள், இந்தச் சரித்திரத்தையும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

திரும்பாதவர்களைத் துரோகிகள் என்று ஏசும் வழக்கமும் எனக்கு உடன்பாடில்லை. 1930-இல் பத்தொன்பது வயதில் கப்பலேறிய வானியல் விஞ்ஞானி சந்திரசேகர், நட்சத்திரங்களின் முடிவைப் பற்றிய கணக்கை அந்தப் பிரயாணத்திலேயே போட்டார். அமெரிக்கப் பிரஜையாகி, 1983-இல் நோபல் பரிசு பெற்றார். அவர் எங்கே வாழ்ந்தார் என்பதைப் பற்றி நமக்குப் புகார் சொல்ல ஒன்றுமில்லை. சிகாகோவிலோ சிட்னியிலோ நீங்கள் நிலைத்துவிட்டாலும், ஊரின் ஒரு பிரச்சினைக்கு அங்கிருந்தே உழைக்க முடியும். உடம்பு இங்கே இருந்தும் ஊரை ஏறெடுத்துப் பாராதவர்களும் உண்டு.

ஆதலால் என் வேண்டுகோள் ஒன்றே. இந்த ஊர், பீங்கான் ஃப்யூஸ் கட்டையும் அகல் விளக்கும் ஜாடியும் பொம்மையும் செய்து பிழைக்கும் ஊர். பிளாஸ்டிக்கும் பிற மாநிலத்துச் சரக்கும் வந்து அந்தத் தொழிலை நெருக்குகின்றன. எரிபொருள் செலவு ஏறுகிறது. இதற்கு என்ன செய்வது என்ற கேள்விக்கு விடை ஸ்டோக்கிலும் இல்லை, டோக்கியோவிலும் இல்லை. ஆனால் விடை தேடும் முறையை அங்கே கற்கலாம். உங்களில் விவசாயக் குடும்பத்தார் இருக்கிறீர்கள், நெசவுக் குடும்பத்தார் இருக்கிறீர்கள், சுரங்கத் தொழிலாளியின் பிள்ளைகள் இருக்கிறீர்கள். கடல் கடக்கப்போகிறவர்கள், புறப்படுவதற்கு முன் ஒரு மாதம் உங்கள் ஊர்த் தொழில் ஒன்றை அருகிலிருந்து பாருங்கள். அதில் விடை தெரியாத ஒரு கேள்வியை எழுதி எடுத்துச் செல்லுங்கள். அங்கே முதல் ஆசிரியரைச் சந்திக்கும்போது அதையே கேளுங்கள். போகாமல் இங்கேயே இருக்கப்போகிறவர்கள், அந்தக் கேள்வியை அவர்களுக்கு எடுத்துக் கொடுங்கள். பட்டம் பெற்ற உங்கள் அனைவருக்கும் என் நல்வாழ்த்துகள்.