பேரும் அரைப்பேரும்

ஒவ்வொரு தொழிலுக்கும் தனிப்பேச்சு ஒன்று உண்டு. வெளியார் செவிக்கு அது புதிராய் இருக்கும். உள்ளிருப்பவர்க்கோ அதுவே உறவின் அடையாளம். அட்டன், நுவரெலியாத் தேயிலைத் தோட்டங்களிலே அத்தகைய பேச்சு ஒன்று நூறாண்டுகளுக்கு மேலாக வழங்கி வருகின்றது.

காலையில் தொழிலாளர் கூடுமிடம் பெரட்டுக்களம். 'பரேட்' என்னும் ஆங்கிலச் சொல்லே நம் மக்கள் நாவிற் பெரட்டு ஆயிற்று. 'லைன்' என்பது லயம் ஆயிற்று. இவை யாவற்றினும் ஆழமான சொல் 'பேர்' என்பதாகும். செக்றோலில் ஒருவருக்குப் பதியப்படும் ஒரு நாட் கூலியே பேர். குறித்த அளவு கொழுந்து பறிக்காதவருக்கு அரைப்பேர். "இன்றைக்கு அரைப்பேர்தான்" என்று ஒரு தாய் கூறும்போது, அவள் நாள் முழுதும் பட்ட பாடும், மாத முடிவிற் குறையப்போகும் அரிசியும் அச்சொல்லில் அடங்கிவிடுகின்றன.

இத்தகைய கூலிக் கணக்கைக் கணினியிடம் ஒப்படைத்த வரலாற்றிலும் தேயிலைக்கு ஒரு பங்குண்டு. தேயிலை விற்றும் தேநீர்க் கடைகள் நடத்தியும் பெயர்பெற்ற இலண்டன் லயன்ஸ் கம்பெனியார், 1951ஆம் ஆண்டிலே 'லியோ' என்னும் கணினியைத் தம் வியாபாரக் கணக்குக்குப் பயன்படுத்தினர். உலகில் இத்துறைக்கு அவர்களே முன்னோடிகள். சில ஆண்டுகளில் ஊழியரின் சம்பளக் கணக்கையும் அது போடலாயிற்று.

அக்காலக் கணினிக்காரரும் தமக்கென ஒரு பேச்சை வகுத்துக்கொண்டனர். பிழையைப் 'பூச்சி' என்றனர். அது பொறியியலாளரிடையே முன்னரே வழங்கிய சொல். 1947இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்துக் கணினி ஒன்றினுள் மெய்யாகவே ஓர் அந்துப்பூச்சி அகப்பட, அதைக் குறிப்பேட்டில் ஒட்டி வைத்தனர். மாசச்சூசெற்ஸ் தொழில்நுட்பக் கழகத்திலே மாதிரி இரயில் ஓட்டும் மாணவர் மன்றம் ஒன்று இருந்தது. கணினியில் மோகங்கொண்ட இளைஞர் பலர் அங்கிருந்தே வந்தனர். இயங்காத கருவியைத் 'தோற்கிறது' என்பர். சாமர்த்தியமான வேலையை 'ஹாக்' என்பர். அவர்களுள் ஒருவரான பீற்றர் சாம்சன், 1959இல் மன்றத்துச் சொற்களுக்கு ஓர் அகராதியே தொகுத்தார்.

விளையாட்டாய்ப் பிறந்த அச்சொற்கள் எழுதிவைக்கப்பட்டமையால் நிலைபெற்றன. வியர்வையிற் பிறந்த நம் சொற்களின் கதி யாது? 'துண்டு' என்றால் இன்றைய இளைஞர் தோளிற் போடும் துணியையே நினைப்பர். தொழிலாளியின் கடனைக் குறித்து, அதைத் தீர்க்கும் தோட்டத்துக்கு அவரை விடுவிப்பதாக எழுதிய சீட்டுக்கும் துண்டு என்றே பெயர். 1921இல் சட்டம் அம்முறையை ஒழித்தது. ஒழியவேண்டிய முறைதான்; ஆனால், சொல்லும் மறைந்துவிட்டால், கடனிற் கட்டுண்டு தோட்டந் தோட்டமாய்ப் பெயர்ந்த நம் பாட்டன்மாரின் கதையும் உடன் மறையுமன்றோ?

ஆகவே நேயர்களே, உங்கள் லயத்தில் முதியோர் இருப்பின், இன்றிரவே ஒரு கொப்பியுடன் அவர்களருகில் அமருங்கள். சொல்லையும் பொருளையும் அவர்கள் கூறியவாறே எழுதுங்கள், திருத்த முற்படாதீர்கள். அரைப்பேருக்கு உழைத்தவர்களின் பேச்சு, முழுமையாக ஏட்டில் ஏறட்டும்.