தபாலில் வந்த மைக்ராஸ்கோப்

1971 ஜனவரியில் பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் பாடம் நடத்தத் தொடங்கியது. சேர வந்தவர்களிடம் பள்ளிச் சான்றிதழ் எதையும் கேட்கவில்லை. முதல் ஆண்டிலேயே 20 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் சேர்ந்தார்கள். பாடங்கள் பி.பி.சி. டி.வி.யிலும் வானொலியிலும் வந்தன. "டி.வி. பார்த்து டிகிரியா?" என்று கேலி பேசியவர்களும் உண்டு. அதில் நியாயமும் இருந்தது: பெட்டி பேசும், நம் சந்தேகத்துக்குப் பதில் சொல்லாது. அதனால்தான் பெட்டியை மட்டும் பல்கலைக்கழகம் நம்பவில்லை. தபாலில் வரும் கட்டுரையைத் திருத்தி, ஓரத்தில் குறிப்பெழுதி அனுப்ப ஓர் ஆசிரியர். கோடையில் ஒரு வாரம் நேரடி வகுப்பு. அறிவியல் மாணவர் வீட்டுக்கே ஒரு சோதனைப் பெட்டி. அதற்குள் கைக்கடக்கமாக ஒரு பிளாஸ்டிக் மைக்ராஸ்கோப்! சமையலறை மேசையே ஆய்வுக்கூடம்.

தொலைநிலைக் கல்வியில் பாதியில் நிற்பவர்கள் அதிகம் என்பார்கள். உண்மைதான். வேலை, குழந்தை, வீட்டுப்பாடு எல்லாவற்றுக்கும் நடுவே படிப்பவர்கள் அவர்கள். அதற்காகக் கதவைச் சாத்துவதா, கைப்பிடித்து நடத்துவதா? பிடிக்கிற கை அந்த ஓரக்குறிப்பு எழுதியவருடையது. இன்று வீடியோவை இணையத்தில் ஏற்றினாலே கல்வி போய்ச் சேர்ந்துவிட்டதென்று நினைப்பவர்கள், செலவு என்று முதலில் வெட்டுவதும் அவரைத்தான்.